ஆச்சியின் வாழைநார்

தங்கச்சி நாளை மறுநாள் லண்டனிலிருந்து வருகிறாள். மூன்று வருஷம் ஆயிற்று. ஆச்சி காலையிலிருந்து ஒரே கேள்வி: “ஏல, பிள்ளை எத்தனை மணி நேரம் வானத்துலயே இருக்கும்?”

பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சியிடம் ஒரு வாழைநாரை வாங்கி, மகனின் உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் இழுத்துப் பிடித்தேன். சுவரிலிருக்கும் வரைபடத்தில் கோடு போட்டால் அரபு நாட்டு வழியாகப் போகும். உருண்டையில் நார் வடக்கே ஏறி, ஈரானைத் தொட்டு, காஸ்பியன் கடலைத் தாண்டிப் போனது. அதுதான் குறுக்கு வழி, சுமார் 8,200 கிலோமீட்டர். சண்டை நடக்கிற வான்வெளியைச் சுற்றிப் போகவேண்டி வந்தால் தூரம் கூடும்.

அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும். அதனால் இங்கிருந்து போக 11 மணி நேரம் என்றால், வர ஏறக்குறைய 10தான். ஊருக்கு வரும்போது காற்றும் சேர்ந்து தள்ளிவிடுகிறது என்றதும் ஆச்சிக்கு அப்படியொரு சந்தோஷம்.

லண்டனில் மதியம் ஏறினால் சென்னையில் பின்னிரவு. அன்று ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். அந்த 650 கிலோமீட்டருக்கும் அதே பத்து மணி நேரம்தான்! தூத்துக்குடிக்கு விமானம் மாறி வா என்றேன். “வேண்டாம்ணே, விடியும்போது ஜன்னல் வழியா நம்ம ஊரைப் பாக்கணும்” என்கிறாள்.

சரி, ஜங்ஷனுக்கு ஆச்சியும் வருகிறாளாம். அந்த நாரை இன்னும் உருண்டையிலிருந்து எடுக்கவிடவில்லை.