திலகவதியார் கையில் இருந்த திருவலகு

பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல் செதுக்கும் கருவியான உழவாரம் கொண்டு கோயிலைத் துப்புரவாக்கும் உழவாரப் பணி செய்யும் அடியார்களுடன் நானும் சென்றிருந்தேன். சிவபெருமான் முப்புரம் எரித்த தலம் இது. அவர் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. ஆயினும் அன்று காலை வாயிலைக் கடந்தபோது என் நெஞ்சில் நின்றவர் திருநாவுக்கரசரின் தமக்கை திலகவதியார்தான்.

பெற்றோரை இழந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரைப் போர்க்களத்தில் இழந்து, தம்பிக்காகவே உயிர் தரித்திருந்த அந்த அம்மையார், தம்பியும் சமண சமயம் சார்ந்து பிரிந்துவிட்ட துயரத்தோடு இங்கு வந்து, நாள்தோறும் பொழுது புலரும் முன் கோயிலைப் பெருக்கி, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்தார். சூலை நோய் பொறுக்காமல் அந்தத் தம்பி ஒரு நாள் இரவில் வந்து அவர் காலில் விழுந்தபோது, திருநீறு தந்து, விடியலில் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அப்போதும் அவர் திருவலகும் (துடைப்பம்) திருமெழுக்கும் (மெழுகும் சாணம்) தோண்டியும் (நீர்க்குடம்) எடுத்துக்கொண்டே சென்றார் என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். நாவுக்கரசர் முதல் பதிகம் பாடிய அந்த விடியலில், அவருக்கு முன்னே நடந்த கையில் துடைப்பம் இருந்தது. பின்னாளில் நாவுக்கரசர் தோளில் உழவாரம் ஏறியதற்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கிடைத்த பணி, வெளிப் பிராகாரத்தில் கல் இடுக்குகளில் முளைத்த புல்லைச் செதுக்குவது. அரை மணி நேரத்தில் நாலு முழம் முடித்துவிட்ட நிறைவில் நிமிர்ந்தபோது, அருகே சருகு கூட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"மேலாக்க சீவாதீங்க ஐயா. வேரோட வரணும். இல்லன்னா மழை பேஞ்சதும் திரும்ப மொளைக்கும்" என்றவர், உழவாரத்தை வாங்கி, அதன் தட்டையான வாயைச் சாய்த்து மண்ணுக்குள் ஒரு விரற்கடை அளவு செலுத்தி இலேசாக நெம்பினார். வெள்ளை வேர் முழுதாக வந்தது. கல்லில் கீறல்கூட விழவில்லை.

அந்தக் கோயிலில் தினமும் கூட்டுபவர் அவர். மாதத்தில் ஒரு நாள் வருகிற எங்களை எல்லோரும் அடியார்கள் என்று கும்பிடுகிறார்கள். அவர் குவித்து வைத்திருந்த சருகைக் காலையில் நானே மிதித்துக்கொண்டு போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு அது புரியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

துடைப்பத்துக்குச் சேக்கிழார் திருவலகு என்று பெயர் வைக்கிறார். அந்தத் 'திரு' ஒரு பெரிய சொல். கோயிலுக்குள் நாம் அதைக் கேட்டுக் கைகூப்புகிறோம். வீட்டில் அதே பொருளைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கிறோம், அதை ஏந்துகிறவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. என் தாயார் ஐம்பது ஆண்டுகள் விடியும் முன் எழுந்து வாசல் தெளித்தார். அதை நாங்கள் ஒரு நாளும் தொண்டு என்று எண்ணியதில்லை.

மதியம் வரை அந்த அம்மாவின் பக்கத்திலேயே அமர்ந்து, அவர் காட்டியபடி ஒவ்வொரு வேராக எடுத்தேன். பேச்சு அதிகமில்லை. பணி மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் மனம் அங்கேயே இருந்தது. எத்தனையோ ஆண்டுகள் செபமாலை உருட்டியும் எனக்கு வாய்க்காத நிலை அது. பின்னர் திலகவதியார் சந்நிதியில் அவரோடு நின்று வணங்கினேன்.

ஊர் திரும்பிய மறுநாள் தாயாருக்கு முன்பாக எழுந்து வாசலுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுக்கும்போது, கைகள் தாமாகவே ஒருமுறை குவிந்தன.