சீட்டு பிறகு, ஊசி முதலில்

அந்த அம்மா நடந்துதான் வந்தார். கையில் துணிப்பை, தலையில் முக்காடு. மார்பகப் புற்றுநோய்க்குச் சென்னையில் கீமோ போட்டுக்கொண்டு ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் 101 டிகிரி. பாராசிட்டமால் ஒன்றைக் கொடுத்து, வரிசையில் உட்காரச் சொன்னது நான்தான். இரண்டு மணி நேரம் கழித்து அவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். ரத்த அழுத்தம் 70. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம்; அங்கே ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்துக்கொண்டார். பதினெட்டு வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன். அந்த பெஞ்சைக் கடக்கும்போது இன்றும் உறுத்துகிறது.

எங்களுடையது தாலுகா மருத்துவமனை. கீமோ கொடுப்பதில்லை என்பதால் புற்றுநோய் நம் வேலை இல்லை என்றே எல்லோரும் இருந்தோம். ஆனால் கீமோ போட்டவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் அடித்தால் அவர் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கா ஓடுவார்? எங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

தலைமை மருத்துவரிடம் அனுமதி வாங்கி, இதைப் பற்றிச் செவிலியர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். முதல் வகுப்பு படுதோல்வி. நாற்பது ஸ்லைடு, பிற்பகல் மூன்று மணி, இரவுப் பணி முடித்து வந்த பிள்ளைகள். எல்லோரும் தலையாட்டினார்கள்; சிலருக்கு அது தூக்கத்தில் ஆடியது.

அடுத்த வகுப்பில் ஸ்லைடைத் தூக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சீழ் எதனால் ஆனது?" செத்த வெள்ளணுக்கள் என்று ஒரு பெண் சொன்னாள். "வெள்ளணுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்?" அறை அமைதியானது. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் பெரும்பாலும் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அதன் எண்ணிக்கை 500க்குக் கீழே போனவருக்குத் தொற்று வந்தால் பெரும்பாலும் சீழும் இருக்காது, சிவப்பும் இருக்காது, நிமோனியாவிலும் சளி வராமல் போகலாம். பல நேரம் மிஞ்சுகிற ஒரே அடையாளம் காய்ச்சல். அதையும் நாம் மாத்திரை கொடுத்து அழித்துவிடுகிறோம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சில சமயம் அந்தக் காய்ச்சல்கூட வராது. இடுப்பில் போடும் காய்ச்சல் ஊசி அதைவிட மோசம்: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆசனவாய் வழியாக வெப்பமானியோ மருந்தோ வைக்கவே கூடாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக். "ரத்த அணுக்களின் கவுன்ட் ரிப்போர்ட் வரட்டும், சிஸ்டர்" என்று இரவுப் பணி மருத்துவர்கள் தயங்கினார்கள். பிழை அவர்களுடையது அல்ல. நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தலைமை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அந்தத் தயக்கம் போனது.

பிறகு ஒத்திகை. மருத்துவமனைப் பணியாளர் ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்து, கடிகாரத்தோடு பின்னாலேயே நடந்தேன். ஊசி போடும் கட்டத்துக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஓ.பி. சீட்டு வரிசையில் கொஞ்சம் போனது. பெரும்பகுதியை விழுங்கியது மருந்துக் கிடங்கின் பூட்டு. சாவி மருந்தாளுநர் வீட்டில் இருந்தது. பைபரசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு குப்பியை அவசரப் பிரிவு டிராலியிலேயே வைக்கக் கேட்டேன். மருந்தாளுநர் இருப்புப் பதிவேட்டைக் காட்டி மூன்று வாரம் மறுத்தார். கடைசியில், ஒவ்வொரு ஷிப்டிலும் எண்ணிக் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

அடுத்த வகுப்புக்குத் தூய்மைப் பணியாளர்களையும் சீட்டு எழுதுபவர்களையும் அழைத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் புராஸ்டேட் புற்றுநோய்ப் பெரியவர் ஒருவர் முதுகு வலியோடு சேர்ந்திருந்தபோது, "நேற்று நேராக நடந்தார், இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார், சிறுநீரும் இறங்கவில்லை என்கிறார்" என்று வந்து சொன்னது கழிவறை கழுவும் அக்காதான். புற்றுநோய்க் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விவரம் கேஸ் ஷீட்டில் இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன் 16 மி.கி. போட்டு, எம்.ஆர்.ஐ. உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு, 108இல் ஏற்றினோம். கால் முழுவதும் விழுவதற்கு முன் சிகிச்சை தொடங்கினால்தான் நடை தங்கும். அவர் கைத்தடியோடு நடக்கிறார்.

கால்சியம் ஏறிப் பிதற்றுபவர், காலையில் முகம் வீங்கி மூச்சு முட்டுபவர் என்று மற்றவற்றை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். அவற்றுக்கு இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை.

போன மாதம் இரவு 2.10க்கு, நிணநீர்க்கட்டிப் புற்றுநோய்க்கு கீமோ போட்டிருந்த இளைஞர் ஒருவர் வந்தார். சீட்டு எழுதும் தம்பி கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு அவரை நேரே உள்ளே கூட்டி வந்தான். 2.45க்கு மருந்து ஏறத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி கதவருகே வந்து நின்றான்.

"சிஸ்டர், சீட்டில் எந்த நேரத்தைப் போடட்டும்?"