ராமிரெஸைக் குடுக்கலாமா வேணாமா

நாலு நாளா ஒரு ட்ரேட் ஆஃபர், அதாவது பிளேயரை மாத்திக்கலாமான்னு ஒரு கேள்வி, போன்ல அப்படியே கிடக்கு, சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பாண்டியில எங்க ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் ஆளுங்க பத்து பேர் சேந்து ஒரு பேஸ்பால் டைனஸ்டி லீக் ஓட்டுறோம். அமெரிக்காவுல நிஜமா ஆடுற பிளேயர்களை வெச்சு காகிதத்துல டீம் கட்டி, அவங்க ஆடுறதுக்கு ஏத்த மாதிரி பாயின்ட் எண்ணுற ஃபேன்டசி மாதிரிதான், ஆனா வருஷா வருஷம் டீமைக் கலைக்க மாட்டோம், எடுத்த பிளேயர் நாமளா விடுற வரைக்கும் நம்மகிட்டயே இருப்பாரு, மேஜர் லீக்னு சொல்ற பெரிய ஆட்டத்துக்குக் கீழ, மைனர் லீக்ல ஆடுற சின்னப் பசங்களையும் இப்பவே எடுத்து வெச்சுக்கலாம். அங்க சாயங்காலம் ஏழு மணி மேட்ச்னா நமக்கு விடியக்காலம் நாலரை, ஷிஃப்ட் முடியுற நேரம், ஸ்கோரைப் பாத்துக்கிட்டே கடலூர் பஸ் ஏறி ஏறித்தான் இந்த ஆட்டம் எனக்குள்ள இறங்குச்சு.

ஆஃபர் இதான், 2025 டிசம்பர் நிலவரம். நான் ஹோசே ராமிரெஸைக் குடுக்கணும். கிளீவ்லாந்து தேர்ட் பேஸ்மேன், 33 வயசு, 2024-ல 39 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 41 ஸ்டோலன் பேஸ் (பிட்சர் அசந்த நேரத்துல அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கிறது), இன்னும் ஒரே ஒரு ஹோம் ரன் அடிச்சிருந்தா ரெண்டுலயும் நாப்பது தொட்டு 40-40 ஆயிருக்கும். பதிலுக்கு எனக்கு வர்றது பைரேட்ஸ் டீமோட கானர் கிரிஃபின், 19 வயசு, டீமுங்க வரிசையா புதுப் பசங்களைப் பொறுக்குற ட்ராஃப்ட்ல 2024-ல 9-ஆவதா எடுத்த பையன், ஒரே சீசன்ல டபுள்-ஏ வரைக்கும், மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ வரைக்கும் ஏறிட்டான். கூட ஒரு 20 வயசு பிட்சர், பந்து போடுறவன். ரெண்டு பேரும் மேஜர் லீக்ல இன்னும் ஒரு பந்து கூட ஆடல.

குரூப்ல ஒரு தம்பி உடனே, "அண்ணே சிஎஸ்கேவே ஜடேஜாவைக் குடுத்துருச்சு, நீங்க என்ன யோசிக்கிறீங்க"ன்னு போட்டான். அது வேற இது வேற. ஜடேஜாவையும் சாம் கரனையும் குடுத்து வாங்குனது சஞ்சு சாம்சனை, அவரு ஏற்கனவே நிரூபிச்சவரு. உண்மையான துணிச்சல் டிசம்பர் 16 ஏலத்துலதான், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மான்னு இந்தியாவுக்கே ஆடாத ரெண்டு பசங்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி. என் கேள்வி அந்த மாதிரி. அதுலயும் சிஎஸ்கே குடுத்தது பணம், நான் குடுக்க வேண்டியது காய்ச்சுக்கிட்டு இருக்குற மரத்தை.

மரம்னு சும்மா சொல்லல. எங்க மாமாவுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும். பலாவை வியாபாரிங்க பிஞ்சுலயே வந்து பாத்து குத்தகை பேசிட்டுப் போவாங்க, காய் முத்துறதுக்குள்ள எது வெம்பும் எது உதிரும்னு அவங்களுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது, விலை மட்டும் அன்னைக்கே முடிஞ்சுரும். பெரிய ஆளா வருவாங்கன்னு எதிர்பாக்குற சின்னப் பசங்களோட பிராஸ்பெக்ட் லிஸ்ட் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிஞ்சு எண்ற வியாபாரி மூஞ்சிதான் ஞாபகம் வரும்.

பிஞ்சை நம்பி மோசம் போன கதைன்னா 2007 டிசம்பர், மார்லின்ஸ் டீம். அவங்களோட பெரிய பேட்டர் மிகேல் கப்ரேரா, அப்ப 24 வயசுதான், சம்பளம் ஏறிக்கிட்டே போகுது கட்டுப்படியாகாதுன்னு டெட்ராய்ட் டீமுக்குத் தள்ளிவிட்டாங்க, கூட பிட்சர் டான்ட்ரெல் வில்லிஸையும். வந்தது ஆறு பசங்க. அதுல கேமரன் மேபின் 2005 ட்ராஃப்ட்ல 10-ஆவது, ஆண்ட்ரூ மில்லர் 2006-ல 6-ஆவது, அன்னைக்கு இதைவிடப் பெரிய பேரு கிடையாது. 2010 முடியுறதுக்குள்ள ரெண்டு பேரையும் மார்லின்ஸே வேற டீமுக்கு அனுப்பிட்டாங்க. மில்லர் அப்புறம் மேட்ச் நடுவுல வந்து பந்து போடுற ரிலீஃப் பிட்சரா மாறி பெரிய ஆளானாரு, ஆனா காய்ச்சது அடுத்தவன் தோட்டத்துல. கப்ரேரா 2012-ல ட்ரிபிள் கிரவுன், அதாவது பேட்டிங் ஆவரேஜ், ஹோம் ரன், ரன் சேக்குறது மூணுலயும் லீக்ல முதலிடம், 45 வருஷத்துல யாரும் செய்யாதது.

இதை மட்டும் படிச்சா யாருமே பிராஸ்பெக்ட் பக்கம் போக மாட்டாங்க. ஆனா 1987-ல இதே டெட்ராய்ட் மறுபக்கம் நின்னாங்க. 36 வயசு பிட்சர் டாயில் அலெக்சாண்டருக்காக 20 வயசு பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் குடுத்தாங்க. அலெக்சாண்டர் வந்து 9 மேட்ச் ஜெயிச்சாரு, ஒண்ணு கூடத் தோக்கல, டீமுக்கு அவங்க பிரிவுல (டிவிஷன்) முதலிடத்தையே வாங்கிக் குடுத்தாரு. ரெண்டே வருஷம், 1989-ல டீம் 103 மேட்ச் தோத்துச்சு, ஸ்மோல்ட்ஸ் பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம்ல, பேஸ்பால் ஜாம்பவான்கள் வரிசைல சேந்துட்டாரு. இதை எல்லாரும் முட்டாள்தனம்னு எழுதுவாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், கேட்டது அந்த வருஷத்துக்கான மகசூல், அது கைக்கு வந்துச்சு. வீட்ல அடுத்த கன்னு எதுவும் இல்லாததுதான் அவங்க தப்பு. 2012-ல ராயல்ஸ் டீமும் இதையே செஞ்சாங்க, பிராஸ்பெக்ட் வில் மையர்ஸைக் குடுத்து ஏற்கனவே ஆடிக்கிட்டிருந்த பிட்சருங்க ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸை வாங்குனாங்க, ஆனா அவங்க வளத்த பசங்க அதுக்குள்ள பழுத்து நின்னாங்க. 2015-ல கோப்பை.

2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் வந்தப்ப நான் காலேஜ். மாமா தோப்புக்குப் போய்ப் பாத்தா தாத்தா வெச்ச பலாமரம் எல்லாம் வேரோட புரண்டு கிடக்கு, முந்திரி மொத்தமும் படுத்துருச்சு. மாமா ஒரு வார்த்தை பேசல. அதுவரைக்கும் காய்க்கிற மரம்னா நிச்சயம், கன்னுன்னா சூதாட்டம்னுதான் நெனச்சிருந்தேன், அன்னைக்கு அது போச்சு. அப்புறம் விருத்தாசலம் ஒட்டுக்கன்னு வாங்கி வெச்சாரு, முந்திரி மூணு வருஷத்துல காய்ப்புக்கு வந்துரும், பலா வர ஏழெட்டு வருஷம். அதுவரைக்கும் கன்னுக்கு நடுவுல மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டாரு. அந்த மல்லாட்டைதான் வீட்டை ஓட்டுச்சு.

அதனால லிஸ்ட்ல எத்தனாவது ரேங்க்னு நான் முதல்ல பாக்குறதில்ல. கன்னு வளர்ற வரைக்கும் என்கிட்ட மல்லாட்டை இருக்கா, அதைத்தான் பாக்குறேன்.

2016 டிசம்பர்ல ஒயிட் சாக்ஸ் டீம் பெரிய பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் குடுத்து பேட்டர் யோவான் மொன்காடா, பிட்சர் மைக்கேல் கோபெக்னு நாலு சின்னப் பசங்களை வாங்குனாங்க, அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. மொன்காடா 2018-ல 217 தடவை ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாம அவுட், அடுத்த வருஷம் பேட்டிங் ஆவரேஜ் .315, ரொம்ப நல்ல கணக்கு, அதுக்கப்புறம் அந்த உயரத்துக்குத் திரும்ப வரவேயில்ல. கோபெக் மேஜர் லீக் வந்து 4 மேட்ச், முழங்கை லிகமென்ட் போய், அதைச் சரிபண்ற டாமி ஜான் ஆபரேஷன், 2019 முழுசும் காலி. சேல் 2018-ல பாஸ்டனுக்கு வேர்ல்ட் சீரிஸ், அதாவது ஃபைனல்ல கடைசி அவுட்டை எடுத்தாரு. ஆனா அவருக்கும் 2020-ல அதே ஆபரேஷன்தான், பிட்சர் முழங்கைன்னா சின்னவன் பெரியவன்னு பாக்காது. அதனால ஆஃபர்ல இருக்குற அந்த 20 வயசு பிட்சரை நான் கணக்குல பாதியாக் கூட வெக்கல.

இன்னொரு பக்கம் பேட்டர் ஹுவான் சோட்டோ கதை என் கணக்கையே உதைக்குது. 23 வயசு, 2022-ல வாஷிங்டன் டீம் குடுத்த 15 வருஷத்துக்கு 440 மில்லியன் டாலர் சம்பளத்தை வேணாம்னுட்டாரு, வாஷிங்டன் அவரை பாட்ரேஸ் டீமுக்குக் குடுத்துருச்சு. கப்ரேரா மாதிரியே ஆகும்னு அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு குரூப்ல கத்துனேன். பதிலுக்கு வந்தவங்கள்ல சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024 ஆல்-ஸ்டார் (அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரங்க மேட்சுக்குத் தேர்வு), மெக்கன்சி கோரும் ஜேம்ஸ் வுட்டும் 2025 ஆல்-ஸ்டார். கோர் அப்ப முழங்கை வலியோட இஞ்சுரி லிஸ்ட்ல இருந்த பிட்சர், வுட்டுக்கு 19 வயசு. ஆனா இவ்வளவு காய்ச்சும் 2025-லயும் வாஷிங்டன் தோத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, இதை வெற்றின்னு சொல்றதா இல்லையான்னு எனக்குள்ளயே சண்டை ஓடுது.

என் டீமுக்கு வருவோம். போன வருஷம் மூணாவது இடம். ராமிரெஸ் போனாலும் நாலு நல்ல பேட்டர் இருக்காங்க, ஆனா அதுல மூணு பேர் முப்பதைத் தாண்டுனவங்க. கன்னு நட வேண்டிய நேரம்தான், அது தெரியுது. கிரிஃபினுக்காக மட்டும்னா ராமிரெஸைக் குடுக்க மனசு சம்மதிக்குது, அந்த வேகமும் பவரும் ஒரே பையன்கிட்ட அமையுறது அபூர்வம். பிட்சர்தான் இடிக்குது.

நேத்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன், தானே வந்து 14 வருஷம் ஆகப்போகுது. அந்தப் பலாக்கன்னெல்லாம் இப்ப ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். வரும்போது பஸ்ல உக்காந்து பதில் அனுப்பிட்டேன். பிட்சர் வேணாம், அவனுக்குப் பதிலா உங்ககிட்ட தினமும் ஆடுற 26 வயசு செகண்ட் பேஸ்மேன் இருக்காருல்ல, பெரிய பேரு இல்லாட்டியும் பரவால்ல, அவரைக் குடுங்க, ராமிரெஸை எடுத்துக்கங்க. ரெண்டு நீல டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.