பத்மினி கார்புரேட்டருக்கு ஒரு பித்தளைப் புஷ்

ப்ரீமியர் பத்மினி என்கிற பழைய காரின் என்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டுவது மன்னார்குடிப் பக்கம் இன்றும் நடக்கிற வேலைதான். 1089 சிசி, நாலு சிலிண்டர். பிஸ்டன், பேரிங்கு எல்லாம் சொல்லிவைத்தால் வந்துவிடுகிறது. என்னை அலையவிட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விடும் சோலெக்ஸ் கார்புரேட்டருக்கான சில்லறைச் சாமான்கள்.

கடையில் கேட்டால் ரிப்பேர் கிட்டை எடுத்து நீட்டுவார்கள். பேக்கிங், டயாஃப்ரம் என்கிற வளையும் தகடு, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு, சில வாஷர்கள். இதில் நீடில் வால்வுக்கு அடியில் போடும் ஃபைபர் வாஷரை அளக்காமல் மாட்டவே கூடாது. மிதவை (ஃப்ளோட்) இருக்கும் அறையில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமன் கூடினால் வால்வு கீழே இறங்கிவிடும், ஃப்ளோட் அதைச் சீக்கிரமே அடைக்கும், மட்டம் குறையும், மிதித்தால் வண்டி திணறும். எனக்கு வந்த கிட்டில் இருந்ததை வெர்னியரில் பிடித்தால் பழையதைவிடத் தடிமன். அதை ஒதுக்கிவிட்டுப் பழையதன் அளவுக்கே வேறு வாங்கினேன். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டையும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மி.மீ.

கார்புரேட்டர் உட்காரும் ஸ்டட், நட்டுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போனேன். அங்கே பத்மினி, அம்பாசடர் சாமான்கள் ஒரே டப்பாவில் கிடக்கும். பழைய அம்பாசடர் என்ஜின் இங்கிலாந்து வழி, இஞ்சு மரை. பத்மினி இத்தாலி ஃபியட் வழி, மில்லிமீட்டர் மரை. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். கையில் மாதிரி இல்லாமல் அங்கே போவது வீண்.

எல்லாம் சேர்ந்த பிறகும் எங்கள் மெக்கானிக் பாய் கார்புரேட்டரைக் கையில் வாங்கி, காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் கம்பியான த்ராட்டில் ஷாஃப்டை ஆட்டிக் காட்டினார். “கிட்டு மாத்தினா மட்டும் ஆகாது தம்பி. ஷாஃப்டு ஆடுது பாருங்க, அது வழியா காத்து இழுக்கும். மிதிக்காதப்போ என்ஜின் ஓடுற ஐடிலிங் நிக்காது.” கார்புரேட்டர் பாடியில் ஷாஃப்ட் நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதில் ஏற்றி ஷாஃப்டைத் தாங்க வைக்கும் சின்னக் குழாயான புஷ் எந்தக் கடையிலும் இல்லை.

அதைச் செய்து கொடுத்தவர் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டு கடைகிற ஒரு பெரியவர். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து விளக்கு வார்க்கிற ஊர், பித்தளைக்கா பஞ்சம்? ஷாஃப்டைக் கொடுத்ததும் முதலில் நகத்தால் வருடித் தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்தார், பிறகுதான் அளவுகோலை எடுத்தார். பாடியைப் பெரிதாகத் துளைத்து, புஷ்ஷை இறுக்கமாக ஏற்றி, உள்ளே துளையைச் சீராக்கும் ரீமரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஷாஃப்ட் தடையில்லாமல் சுற்றுகிற வரை பொறுமையாகப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீங்களும் செய்வதாக இருந்தால் ஒன்று: த்ராட்டில் தகட்டின் ஸ்க்ரூ முனைகளைப் பின்பக்கம் தட்டி விரித்திருப்பார்கள். அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ உள்ளேயே முறியும். தகட்டின் ஓரம் சாய்வாக இருக்கும் என்பதால், கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஊறி உப்பிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டையும் மாற்றிவிட்டேன். ஃபியூயல் பம்பு டயாஃப்ரத்துக்கும் அதே கதிதான், அதை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.