பையில் இருந்த தெர்மாமீட்டர்

ஒரு வீட்டில் நின்றுபோன ஃப்ரீசரைச் சரிசெய்யப் போயிருந்தேன். கம்ப்ரசரை ஓடவைக்கும் ரிலேவை மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அது ஓட ஆரம்பித்ததும் அந்த வீட்டு அம்மா சாப்பாட்டுப் பொட்டலங்களைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இதையெல்லாம் மறுபடி உள்ளே வைக்கலாமா?" நான், "எப்போ நின்னுச்சுன்னே தெரியலையேம்மா, எதுக்கு வம்பு, கொட்டிடுங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, மேலே எழுதியிருந்த தேதியைப் படித்துவிட்டுக் குப்பைப் பையில் போட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மனசு ஆறவில்லை.

எத்தனையோ ஃப்ரீசர்களைத் திறந்திருக்கிறேன், இப்படிக் கட்டி வைத்ததைப் பார்த்ததில்லை. பாதிக்குக் காற்று நிரம்பிய பைகளைத்தான் பெரும்பாலும் பார்ப்பேன், அந்தக் காற்றில் பனி நேரடியாக ஆவியாகி இறைச்சி வெளுத்து, உலர்ந்து நார் நாராகக் கிடக்கும். இவர் ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, சீக்கிரம் உறையட்டும் என்று தட்டையாகப் பரப்பி வைத்திருந்தார். டப்பாக்களில் சூப்புக்கு மேலே ஒரு விரல் இடம், நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால். எல்லாம் அறுவை சிகிச்சை முடிந்து வரப்போகிற கணவருக்காக.

நோயாளிக்கான சாப்பாடு என்பதால்தான் அப்படிச் சொன்னேன். உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, அடங்கிக் கிடக்கும், சூடு ஏறினால் பெருகும். சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. நான் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் என் பையில் தெர்மாமீட்டர் இருந்தது. அதை இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே ஒரு நிமிடம் செருகியிருக்கலாம். நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காவிட்டால், 48 மணி நேரம்வரை குளிரைப் பிடித்து வைக்கும். மேலே இருந்தவை விரலால் அழுத்தினால் குழிந்தன, அடியில் இருந்தவற்றை நான் தொடக்கூட இல்லை. உள்ளே இன்னும் பனிக்கட்டி இருந்தாலோ 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தாலோ மறுபடி உறைய வைக்கலாம், ருசிதான் கொஞ்சம் குறையும். எப்போது நின்றது என்று தெரியாவிட்டால் என்ன, சாப்பாட்டின் சூடே சொல்லியிருக்கும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற எண்ணத்தில்தான் அவசரமாகப் பதில் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் இன்னொன்றும் தோன்றுகிறது. கெட்டுப்போகிற ரிலே விட்டு விட்டு வேலை செய்யும். இரண்டு நாள் நின்று, தானே ஓடி, மறுபடி நின்றிருந்தால்? உருகி, மீண்டும் உறைந்த பொட்டலமும் தெர்மாமீட்டரில் நல்லதாகத்தான் காட்டும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: உருகிய நீர் பையின் ஒரு மூலையில் சாய்வாகத் திரண்டு உறைந்திருக்கும். அந்த அம்மா தூக்கிப் போட்ட ஒரு பையில் அப்படி ஒரு மூலையைப் பார்த்ததாக நினைவு இருக்கிறது. நிஜமாகவே பார்த்தேனா, நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்பதுதான் தெரியவில்லை.