ஏறும்போது நல்ல கால்

பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 83.8 சென்டிமீட்டர் உயரம். தடைக்குத் தடை 8.5 மீட்டர் தூரம். அந்த இடைவெளியை மூன்றே எட்டில் கடப்பதற்காகக் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் காலையும், கால் உரமேற வேண்டுமென்று தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மாலையுமாக ஏழு ஆண்டுகள் ஓடினேன். ஒரு நாள் தடை தாண்டி இறங்கியபோது இடது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. நாங்கள் 'ஜவ்வு' என்று சொல்லும் ஏ.சி.எல்., மூட்டுக்குள் எலும்புகளை இணைக்கும் நார், முழுதாகக் கிழிந்திருந்தது. தொடையின் பின்புறத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். பதினோராம் மாதம் மறுபடி ஓடிப் பார்த்தேன். அதே மூட்டு விலகியது. அத்துடன் ஸ்பைக்ஸ் என்னும் ஓட்டக் காலணியைப் பரணில் போட்டுவிட்டேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை மஞ்சக்குப்பத்தில், மாடியில் இருக்கை. தொடக்கத்தில் என்னை வாட்டியது வலி அன்று. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு, ஒரு கோப்பு பத்து நாள் ஒரே மேசையில் கிடப்பதை எவரும் குறையாகவே எண்ணாதது விளங்கவில்லை. 'கோட்டாவில் வந்தவள்' என்ற பேச்சும் காதில் விழுந்தது, அதை விட்டுவிடலாம்.

கீழ்த்தளத்தில் இடம் கேட்கும்படி தோழிகள் சொன்னபோதெல்லாம் மறுத்தேன். வீம்புதான். இருபத்திரண்டு படிகளையும், ஏறும்போது நல்ல காலை முதலில், இறங்கும்போது பட்ட காலை முதலில் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, யாரும் கவனிக்காத நேரம் பார்த்து ஏறி இறங்குவேன்.

ஓய்வூதிய விஷயமாக வந்திருந்த மூதாட்டி ஒருவர், நல்ல காலை முன்னே வைத்து இறங்கத் தடுமாறியபோது, கையைப் பிடித்து அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கடைசிப் படியில் நின்று, "உனக்கும் மூட்டா கண்ணு?" என்றார்.

"ஆமாம் ஆயா" என்றேன். ஓட்டக்காரியாக இருந்ததைச் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னது அதுவே முதல் முறை.

மறுநாள் இருக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கோரி மனு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'முதியோர் வசதிக்காக' என்று குறித்தேன். அது பாதி உண்மை.