மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தீர்களா?

வால்பாறையில் மூன்று நாள் மழையில் கிடந்துவிட்டு கோவைக்குத் திரும்பிய மறுநாள், படுக்கை போட்டு ஊர் சுற்றுகிற எங்கள் வேனைக் கூட்டித் துடைக்கலாம் என்று மெத்தையைத் தூக்கினேன். அடியில் எள்ளை வாரித் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். தொட்டால் சில்லென்று ஈரம். மேல்பக்கத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பளிச்சென்று இருந்தது. கூரை ஒழுகியிருக்குமோ என்று எங்கள் வீட்டுக்காரர் டார்ச்சை வைத்துக்கொண்டு மூலைமூலையாகத் தேடினார். கூரை ஒழுகவே இல்லை. அந்தத் தண்ணீர் எங்களுடையதுதான்.

இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் தண்ணீராவது வெளியே போகும். வீட்டில் அது எங்கே போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. வேனுக்குள், அதுவும் மழைக்காகக் கண்ணாடியை இறுக மூடிக்கொண்டு படுத்தால், அது போக வழி கிடையாது. கொஞ்சம் கண்ணாடியில் வழியும். மீதி மெத்தைக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்து கிடக்கும் பலகையைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளியே முத்துமுத்தாக நிற்குமே, அதே கதைதான்.

முதலில் இருந்து சொல்கிறேன். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். அதற்குள் தானே வெல்டிங் வைத்து ஒரு கட்டில் சட்டம் செய்தார். வண்டியின் அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறதாம். அதனால் ஒரு ஓட்டைகூடப் போடாமல், தூக்கி வைத்து இறக்குகிற மாதிரிதான் அந்தக் கட்டில். 70 அங்குல நீளம், 46 அங்குல அகலம். மேலே முழு பிளைவுட் பலகை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வினையே அந்தப் பலகைதான் என்று அப்போது தெரியாது.

நான் போடிக்காரி. மெத்தை என்றால் எனக்கு இலவம் பஞ்சு மெத்தைதான். பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும். பஞ்சு கடைத்தெருவெல்லாம் பறக்கும், மூக்கில் ஏறும். அந்தப் பஞ்சை நூலாக நூற்க முடியாது, அவ்வளவு வழவழப்பு. ஆனால் தண்ணீரில் மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் போட்டுக்கொள்ளும் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் திணித்தார்களாம். முதல் மெத்தையை அம்மாதான் அளவு சொல்லி போடியில் அடித்து அனுப்பினாள். முதல் நாலு ராத்திரி சொர்க்கம். அப்புறம் இடுப்பு விழுகிற இடத்தில் பஞ்சு ஒதுங்கிப் பள்ளமாகிவிட்டது. இலவம் பஞ்சு மெத்தைக்கு வெயில் காட்டினால்தான் உயிர். மொட்டைமாடியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்து, இரண்டு பக்கமும் தட்டு வாங்கினால் மறுபடி உப்பும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு மொட்டைமாடி ஏது? அதன் காடாத்துணி உறையும் ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது. கோத்தகிரியில் ஒரு வாரம் இருந்தோம், கடைசி இரண்டு நாள் ஈரச் சாக்கில் படுத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது மெமரி ஃபோம். கடைக்காரர், “அக்கா, இது நாசா கண்டுபிடிச்சது” என்றார். அது பொய்யில்லை. 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைக்கு இதைச் செய்தார்கள். கடையில் ஏசிக்கு நடுவே கையால் அமுக்கிப் பார்த்தேன். விரல் தடம் மெல்ல மெல்ல மறைந்தது. மயங்கிவிட்டேன். 12,000 ரூபாய்.

கடைக்காரர் சொல்லாதது ஒன்று. அந்த ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு விறைக்கும். வீட்டில் அது தெரியாது. தை மாதம் ஊட்டியில் வேனுக்குள் படுத்தால் நன்றாகத் தெரியும். ஏறிப் படுத்த முதல் பத்து நிமிடம் பலகை. உடம்புச் சூடு ஏறிய இடம் மட்டும் மெல்ல இளகும். புரண்டால் மறுபடி பலகை. வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தார். அதே மெத்தை ராமேஸ்வரத்தில் சித்திரை மாதம் உளைச்சேறு. உடம்பு உள்ளே புதைந்துவிடும். சுற்றிலும் காற்று புகாது. முதுகில் ஆறு ஓடும். கடல் காற்றில் உப்பு வேறு படிந்து விரிப்பு பிசுபிசுத்தது.

அதோடு நாங்கள் செய்த முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. பகலில் உட்கார இடம் வேண்டும் என்று மெத்தையைச் சரிபாதியாக வெட்டித் தரச் சொன்னோம். 35 அங்குலத்தில் இணைப்பு. படுத்துப் பார்த்தால் அந்த இணைப்பு நேராக இடுப்புக்கு அடியில் வருகிறது. உடம்பின் கனம் முழுக்க இறங்குகிற இடத்தில் ஒரு வாய்க்கால். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். போய்ச் சேர்ந்தால் மழை. திரும்பி வந்தால் அந்தக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் மேலே துடைத்து எதுவும் ஆகாது. தூக்கிப் போட்டோம்.

மூன்றாவதை வாங்குவதற்கு முன்னால் கட்டிலைத்தான் மாற்றினோம். பிளைவுட்டை எடுத்துவிட்டு இரண்டரை அங்குல அகல மரச் சட்டங்களை, அதாவது ரீப்பர்களை, இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடித்தார். அடியில் பெட்டி, பாத்திரம் எல்லாம் முட்ட முட்ட அடைக்காமல் ஒரு சாண் காலியாக விட்டோம். மெத்தைக்குச் செலவு செய்ததைவிட இந்த ரீப்பருக்குச் செலவு செய்ததுதான் உருப்படியானது என்பேன்.

மெத்தை இப்போது இரண்டு அடுக்கு. கீழே இரண்டு அங்குலம் காயர்: தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. கெட்டி, ஆனால் நாருக்கு நடுவே காற்று போகும். மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸ். அதுவும் ரப்பர் பாலில் செய்வதுதான். ஊட்டியானாலும் ராமேஸ்வரமானாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. கனம்தான் அதிகம், தூக்கினால் செத்த பாம்பு மாதிரி தொங்கும். ஆறு அங்குலம் போடுங்கள் என்று கடையில் வற்புறுத்தினார்கள். வேனில் மெத்தை ஏற ஏறக் கூரை இறங்கும். நாலு அங்குலத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே மூன்று விரல்தான் மிச்சம்.

இந்தமுறை நீளத்தில் 24, 24, 22 அங்குலம் என்று மூன்று துண்டு. இடுப்பு நடுத்துண்டின்மேல் விழும். ஓரங்களில் நாடா தைத்து ரீப்பரோடு முடிச்சுப் போட்டுவிட்டோம், வளைவில் ஓடாது. கடையில் போய் அமுக்கிப் பார்க்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் பக்கவாட்டில் படுத்தேன். கடைப்பையன் சிரித்தான். சிரிக்கட்டும். ஃபோம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டென்சிட்டி 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ என்று அர்த்தம். சீக்கிரம் பள்ளம் விழாது என்பதற்கு அது அடையாளம், மென்மையா கெட்டியா என்று அதில் தெரியாது. அதைப் படுத்துத்தான் பார்க்கவேண்டும்.

லேடெக்ஸிலும் ஒரு தப்பு செய்தேன். அம்மா வளர்ப்பு, வெயிலைக் கண்டால் கை சும்மா இருக்காது. உறையைக் கழற்றிவிட்டு ஒரு துண்டை மொட்டைமாடியில் நாலு நாள் காயப் போட்டேன். மேல்தோல் மஞ்சளாகி, தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ரப்பருக்கு நேர் வெயில் ஆகாது. நிழலும் காற்றும் போதும். அந்தத் துண்டு இப்போது கால்பக்கம் போய்விட்டது.

தினப்படி வேலை அதிகமில்லை. மழையானாலும் எதிரெதிர்க் கண்ணாடி இரண்டும் இரண்டு விரல் திறந்திருக்கும், கொசுவலையை வெளியே மாட்டிவிடுவோம். எழுந்ததும் போர்வையை மடித்து மெத்தைமேலே வைக்கக் கூடாது, சூடும் ஈரமும் உள்ளேயே அடைந்துபோகும். துண்டுகளைக் கூடாரம் மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் ஸ்டவ்வைப் பற்றவைப்பது. காபி குடித்து முடிப்பதற்குள் அடிப்பக்கம் உலர்ந்துவிடும். பிளாஸ்டிக் உறை போடுவதில்லை. தண்ணீர் உள்ளே போகாதுதான், வியர்வை வெளியேயும் போகாது. கெட்டிப் பருத்தி உறை, நீளப் பக்கம் ஜிப், மாதம் ஒருமுறை சலவை. கடற்கரை ஊர்களில் மெத்தைமேல் பத்தமடைப் பாயை விரித்துவிடுவேன். முதுகுக்குக் குளிர்ச்சி, மணலையும் ஒரே உதறலில் உதறிவிடலாம்.

தலையணை மட்டும் இன்னும் இலவம் பஞ்சுதான். சின்னது, ஜன்னலோரம் வைத்தால் காய்ந்துவிடும்.

போன வாரம் அம்மா போனில், “அந்தப் பஞ்சு மெத்தையை என்னடி பண்ணின?” என்று கேட்டாள். பயணத்துக்குத்தான் கொண்டுபோகிறோம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அது கூடத்துக் கட்டிலில் கிடக்கிறது. மதியம் ரெண்டு மணிக்கு மேல் வீட்டுக்காரர் அதை விட்டு எழுந்திருப்பதே இல்லை.